அத்தாவின் லேண்ட்மாஸ்டருக்குக் கூலிங் பேப்பர்

1

போன வாரம் எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்தது. கப்பல் நீளம், வெண்ணெய் நிறம், முகம் பார்க்கலாம் போல மின்னுகிற பம்பர். ஓட்டி வந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அரபுப் பெரியவர். வாலிபத்தில் வாங்கியது, இன்னும் விற்க மனசு வரவில்லை என்றார். "வெயில் உள்ளே வரக் கூடாது. ஆனால் நான் உள்ளே உட்கார்ந்திருப்பது வெளியே தெரிய வேண்டும். நான் ஒன்றும் திருடன் இல்லை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் கார் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கிற பிலிம் ஒட்டுவது எங்கள் வேலை. ஊரில் அதைக் கூலிங் பேப்பர் என்பீர்கள். எங்கள் பட்டறை என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். லைசென்ஸ் ஓர் அரபியின் பேரில், முதலாளி மலையாளி, இடுப்பு வலி மட்டும் எங்களுடையது. பழைய கார் வந்தால் பெஷாவர்க்காரன் ரபீக் ஒட்டுவான், நான் தொட மாட்டேன். மூன்று வருஷமாக அதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து ரபீக் லீவில் ஊருக்குப் போயிருந்தான்.

"நான் ஒட்ட மாட்டேன்" என்றேன்.

"பழைய வண்டியைக் கண்டால் உனக்கு மட்டும் என்ன பேயா பிடிக்கிறது?" என்று முதலாளி மலையாளத்தில் எகிறினார். பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பளம் வாங்குகிறவன் எவ்வளவு நேரம்தான் வீறாப்பாக நிற்க முடியும்? ஒட்டினேன். வஞ்சனை இல்லாமல் நன்றாகவே ஒட்டினேன். பெரியவர் என் தோளைத் தட்டி, துஆ செய்து வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தேன். என் மனைவி ஆயிஷாவுக்குக் காரணம் தெரியும், அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மகள் நஸ்ரின்தான் விடவில்லை. பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "ஒரு காருக்காக யாராவது இப்படி இருப்பாங்களா அத்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே ஊரில் இருக்கிற உங்களுக்கும் எழுதுகிறேன். ஒரு பழைய காருக்குக் கூலிங் பேப்பர் ஒட்டுகிற வேலையில் என் அம்மாவின் வலது கால் சிக்கிக்கொண்டிருந்த கதை இது.

2

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. என் அத்தாவுக்குப் பெரம்பலூரில் சாக்கு வியாபாரம். அரியலூர்ப் பக்கம் போய்ப் பழைய சாக்குகளை வாங்கி வந்து, கிழிசல் தைத்து, அறுப்புக் காலத்தில் விவசாயிகளுக்கு விற்பார். அப்படிப் போய் வந்த பழக்கத்தில் அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் காண்டிராக்டரிடம் அந்த லேண்ட்மாஸ்டரை வாங்கினார். அம்பாசடருக்கு முந்தின வண்டி. உருண்டை முதுகு, சின்னப் பின் கண்ணாடி, சாம்பல் நிறம். என்னைவிட அதற்கு வயசு அதிகம். மாவட்டத்திலேயே ஓடுகிற நிலைமையில் இருக்கிற ஒரே லேண்ட்மாஸ்டர் என்று அத்தா பீற்றிக்கொள்வார். யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து விக்கிரமங்கலம் வரைக்கும் எந்த ரோட்டில் அது போனாலும் "சாக்கு பாய் போறாரு" என்பார்கள். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்.

ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, ஊரான் வூட்டுக் காருக்கெல்லாம் ஒட்டுற. நம்ம வண்டிக்கு ஒட்ட ஒனக்குக் கை வரலையா? அரியலூரு போயிட்டு வந்தா கழுத்துத் தோலு உரியுதுடா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே உசத்தியான பிலிமை வாங்கினேன். வெயிலைத் தடுக்கிற நல்ல பிலிம் கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெறும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வெளிச்சத்தை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே நிறுத்தும். அடுத்த லீவில், சென்ட் பாட்டில்களுக்கும் பால் பவுடர் டின்களுக்கும் நடுவில் அதைச் சுருட்டிக் கொண்டுவந்து, வாசலில் வண்டியை நிறுத்தி நானே ஒட்டினேன். தெருவே கூடி நின்று பார்த்தது.

அக்கா நூர்ஜகானின் கணவர் அபுல் மச்சான், கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "எங்க மாப்ள ஒட்டுன? ஒண்ணும் காணுமே?"

"அதான் மச்சான் அதோட சிறப்பே."

"நல்ல சிறப்பு போ. இதுக்கா இம்புட்டு அலப்பறை?"

அத்தா பெருமையாக வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய ரோடு வரைக்கும் ஒரு சுற்றுப் போனார். திரும்பி வரும்போது நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏசி இல்லாத வண்டி! கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும். இறக்கினால் பிலிமும் கண்ணாடியோடு கதவுக்குள்ளே போய்விடும். வளைகுடாவில் ஏசி இல்லாத காரை நான் கண்ணால் கண்டதே இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. துபாய்க்குப் பிழைக்கப் போன சபுராளி மட்டுமே செய்யக்கூடிய கோமாளித்தனம்.

"கதவுக்குள்ள இப்ப ஜில்லுன்னு இருக்கும்டா. நாமதான் வெளிய கெடந்து வேவுறோம்" என்று அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த லீவு முழுக்க வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரை நான் உயிரோடு பார்த்த கடைசி லீவு அது.

3

அடுத்த மாசியில் அத்தா மவுத்தாகிவிட்டார். கடையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான்.

எனக்குத் தகவல் வந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பழைய பாஸ்போர்ட்டில் எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம் என்றார்கள். நடுவில் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், கொஞ்ச நாளில் திரும்பச் சேர்த்தார்கள். அந்தச் சமயம் மறுபடியும் பிரிக்கப்போவதாகப் பேச்சு. ஒரு தாளில் ஒரு மாவட்டம், இன்னொரு தாளில் இன்னொன்று. கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதுதான் உன் ஊர்?" என்று இந்தியில் கேட்டார். ஊர் அங்கேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் நகர்கிறது என்று எனக்குத் தெரிந்த அரை இந்தியில், பாதி மலையாளம் கலந்து சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. எங்களில் இறந்தவரின் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். மண் தள்ளி முடிந்தது என்பதை மச்சான் போனில் சொன்னார், நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து கேட்டேன்.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற வழக்கம் அது. "இப்ப வராத. லீவ வீணாக்காத. இத்தா முடியறப்ப வா, அத்தாவுக்கு ஓதி வுட்டுட்டுப் போவலாம்" என்று அம்மாவே சொன்னாள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் நான் போகாமல் இருந்தேன்.

இத்தாவில் பாதி நாள்கூட ஆகவில்லை, அக்காவிடமிருந்து போன். கொல்லையில் கிடந்த கருவ முள் ஒன்று அம்மாவின் வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. சக்கரை உடம்பு, குத்தியதே தெரியவில்லை. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல் மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"தம்பி, ரெண்டு வெரலு கறுத்துப் போச்சு. நாத்தம் வருது. டாக்டரு வூட்டுக்கே வந்து பாத்தாரு. ஒடனே திருச்சிக்குக் கொண்டுபோங்க, இல்லன்னா கால எடுக்க வேண்டி வரும்னுட்டாரு. அம்மா அசைய மாட்டேங்குது. நான் கெஞ்சிட்டேன், ஒங்க மச்சான் சத்தம் போட்டுட்டாரு. இத்தா முடியாம வாசப்படி தாண்ட மாட்டேங்குது. நீ வந்தாதான் ஆவும்."

இரண்டாம் நாள் விமானம் ஏறினேன். திருச்சியில் இறங்கி டாக்சிக்காரரிடம் என்னை அறியாமல் இந்தியில் "கித்னா?" என்று கேட்டுவிட்டேன். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்து, பாடாலூர் தாண்டி நான் போனில் அக்காவோடு பேசுவதைக் கேட்ட பிறகு, "நம்மூரு ஆளா சார்? சேட்டுன்னுல்ல நெனச்சேன்" என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

4

அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை. காலில் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். சுண்டு விரலும் பக்கத்து விரலும் கரியாக இருந்தன. பாதத்தின் பாதி வரைக்கும் நீலம் ஏறியிருந்தது.

"திருச்சிக்குப் போவலாம்மா."

"இத்தா முடியட்டும்."

"அதுக்குள்ள காலு போயிரும்மா!"

"போனா போவட்டும். ஒங்க அத்தாவே போயிட்டாரு, காலு என்ன பெரிய காலு."

பள்ளிவாசலுக்கு ஓடிப்போய் ஹஜ்ரத்தை அழைத்து வந்தேன். நல்ல மனுஷர். வாசலில் நின்றபடி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "வைத்தியத்துக்குப் போவ ஒரு தடையும் இல்லம்மா. ஒடம்பப் பாத்துக்கறது கடமை. நாளைக்கு அல்லா கேப்பான். போயிட்டு வாங்க."

"சரிங்க ஹஜ்ரத்" என்று உள்ளே இருந்து பவ்யமாகக் குரல் வந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைப் பார்த்து, "சட்டம் அவருக்குத் தெரியும். ஊரு வாயி எனக்குத் தெரியும்" என்றாள்.

புர்கா போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சாக்கு பாய் வண்டியில் புர்கா போட்டு உட்கார்ந்திருப்பது வேறு யாராக இருக்கும் என்று கேட்டாள். வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். வாசலில் வாடகைக் கார் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும் என்றாள். லேண்ட்மாஸ்டரில் பெண்கள் ஏறும்போது கம்பியில் இழுத்துவிடுகிற பச்சைத் திரை உண்டு. அதைப் போடலாம் என்றார் மச்சான்.

"தெரை போட்டாலே உள்ள பொம்பளை இருக்கான்னு அர்த்தம். வூட்டுல இருக்கற பொம்பளை யாரு? நாந்தான்."

நஸ்ரின் இந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். "ஆம்புலன்ஸ்ல போயிருக்கலாமே? அதுல கண்ணாடி வெள்ளையாத்தானே இருக்கும், உள்ள தெரியாதே?" அத்தாவின் மய்யித்தைப் பெரம்பலூரிலிருந்து ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தார்கள். அந்த வண்டி மறுபடியும் எங்கள் தெருவில் திரும்பினால் வீட்டுக்கு வீடு அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். இதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "ஓடி வந்தா என்ன? நல்லதுதானே?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் அம்மா எதற்குப் பயந்தாள் என்பதே என் மகளுக்குப் புரியவில்லை. நான் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் அம்மாவே வழி சொன்னாள். "நம்ம வண்டி கொல்லைப் பக்கந்தானே நிக்கிது. அங்கனயே ஏறிக்கறேன். ஆனா உள்ள ஆளு இருக்கா இல்லையான்னே தெரியக் கூடாது. ஒன் தொழிலே அதானே? நல்லா கறுப்பா ஒட்டு. வரேன்."

அந்த ஒரு சொல் போதும் என்று துள்ளிக் குதித்தேன். வண்டியைப் போய்ப் பார்த்த பிறகுதான் முகம் தொங்கியது. கண்ணாடியில் நான் ஏற்கெனவே ஒட்டிய உசத்தி பிலிம். உள்ளே ஊசி கீழே விழுந்தாலும் வெளியே தெரியும்.

பெரம்பலூருக்கு ஓடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சாமான் விற்கிற கடை. பழக்கதோஷத்தில் கடைக்காரரிடம், "இது வெயில எவ்ளோ தடுக்கும்?" என்று கேட்டேன்.

"வெயிலா? அதெல்லாம் யாருண்ணே கேக்குறா? உள்ள இருக்கறவன் தெரியக் கூடாது, அவ்ளோதான்" என்று இருப்பதிலேயே கறுப்பான சுருளை எடுத்துப் போட்டார். தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது, சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிற மட்டமான சரக்கு. என் பட்டறையில் தரை துடைக்கக்கூட வைக்க மாட்டோம். வாங்கிக்கொண்டேன்.

சுடுதண்ணீரும் சோப்பும் பிளேடுமாக, அத்தாவுக்காக ஒட்டியதை உரித்தேன். பிறகு கறுப்பை ஒட்டினேன். கொல்லையில் மறைவாகத்தான் செய்தோம். ஆனாலும் அஸர் தொழுகைக்குப் போனபோது ஒருத்தர் தோளில் கைபோட்டு, "என்ன மாப்ள, சாக்கு பாய் வண்டிக்குக் கறுப்புக் கண்ணாடியாமே? எலெக்ஷன்ல நிக்கிறியா?" என்றார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

5

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். சித்திரை மாதம். கொல்லைக் கதவோடு வண்டியை ஒட்டி நிறுத்தினேன். அம்மா வெள்ளைத் துப்பட்டியை முகம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்து ஏறினாள். முன் கண்ணாடியில் கறுப்பு ஒட்ட முடியாது, ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிய வேண்டுமே. அதனால் முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு போர்வையைக் கட்டினோம். பின்பக்கம் இருட்டறையாகிவிட்டது. அம்மாவின் கால் அக்காவின் மடியில். நான் ஓட்ட, மச்சான் பக்கத்தில். நாலு கண்ணாடியும் ஏற்றியாயிற்று.

திருமாந்துறையில் பெரிய ரோடு ஏறுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த மட்டச் சரக்கு வெயிலைக் குடித்து உள்ளே கக்கியது. போர்வைக்குப் பின்னால் அக்காவின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, அம்மாவுக்கு வேத்துக் கொட்டுதுடா. கையெல்லாம் நடுங்குது."

"கொஞ்சம் எறக்கிக்கம்மா. இங்க யாரு இருக்கா?"

"வேணாம். நீ ஓட்டு."

யாரும் பார்க்கக் கூடாது என்று ஒட்டினோம், பார்க்காத ஆளே இல்லை! கிழட்டு வண்டி, அதற்குக் கறுப்புக் கண்ணாடி. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவன்கூடத் தலை நிமிர்ந்தான். சைக்கிளில் போன பையன்கள் பக்கத்தில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெறும் கண்ணாடியோடு போயிருந்தால் ஒரு நாய்கூடத் திரும்பியிருக்காது. ஒரு பஸ் நிறுத்தத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி எங்கள் வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து, உரிமையோடு கை காட்டினார். அத்தா இறந்தது அவருக்குத் தெரியாது. நான் நிறுத்தாமல் போனேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். அத்தா மவுத்துக்கு எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். மச்சான் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

பெரம்பலூர் நாலு ரோட்டில் யாரோ ஒரு மந்திரி வருகிறார் என்று போலீஸ் நின்றது. ஒரு கான்ஸ்டபிள் குறுக்கே கை நீட்டினார்.

"ஓரங்கட்டுங்க. என்ன சார் இது, இம்புட்டுக் கறுப்பு ஒட்டக் கூடாதுன்னு தெரியாதா? பின்னாடி யாரு? கண்ணாடிய எறக்குங்க."

"எங்கம்மா சார். ஒடம்பு சரியில்ல, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எறக்குனா பாத்துட்டு விட்ரப் போறேன். அவ்ளோதானே?"

"இத்தாவுல இருக்காங்க சார்."

"எதுல இருக்காங்க?"

மச்சான் இறங்கிப் போய் இத்தாவைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கினால் ஹஜ்ரத்துக்கே சந்தேகம் வந்துவிடும். கான்ஸ்டபிளுக்கு முகம் இறுகிவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், பகீர் என்றது. எங்கள் ஊர் பஸ். சன்னலுக்குச் சன்னல் எங்கள் ஊர் முகங்கள், எல்லாம் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது பின்பக்கம் கிறீச் கிறீச் என்று கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. அம்மாவே கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் துப்பட்டிக்குள் திருப்பிக்கொண்டு, அக்காவின் மடியில் கிடந்த காலின் கட்டைக் கையால் விலக்கினாள்.

"மொகத்தப் பாக்காதீங்க தம்பி. காலப் பாருங்க. இதத்தான் ஒளிச்சுக் கொண்டுபோறோம்."

கான்ஸ்டபிள் குனிந்தார். அந்த வாடை அவர் முகத்தில் அடித்திருக்கும். "அய்யய்யோ, என்னம்மா இது" என்று இரண்டடி பின்னால் போனார். அடுத்த நிமிஷம் முதுகைக் காட்டி நின்று விசில் ஊதி, மந்திரிக்காக மறித்து வைத்திருந்த ரோட்டை எங்களுக்குத் திறந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. "யாரு, சாக்கு பாய் சம்சாரமா? ஆமாண்டி, அதேதான்!"

வண்டியை நகர்த்திக்கொண்டே, "ஏத்திக்கம்மா" என்றேன்.

"வேணாம். தொறந்தே கெடக்கட்டும். அதான் பாத்தாச்சில்ல. மூச்சு முட்டுது" என்றாள். திருச்சி வரைக்கும் அனல் காற்று உள்ளே அடித்துக்கொண்டே வந்தது. அம்மா அதன் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

6

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்றார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கொண்டுவந்திருந்தா ரெண்டு வெரலோட போயிருக்கும். எங்க இருந்து வர்றீங்க? அங்க பஸ் வசதி இல்லையா?" பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது, நல்ல ரோடு இருக்கிறது. எதைச் சொல்ல? அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் அழவில்லை. "எடுத்துக்கட்டும்" என்றாள். அக்காதான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

காலை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மீதி இத்தாவைக் கட்டிலிலேயே கழித்தாள். நான் லீவை நீட்டினேன், முதலாளி போனில் கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரே பார்க்க வந்தது. ஒவ்வொரு பெண்ணும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே மாதிரி கேட்டார்கள். "ஏங்க்கா, முன்னாடியே போயிருக்கக் கூடாதா? யாரு என்ன சொல்லப் போறா?" அந்த பஸ்ஸில் இருந்தவளும் வந்து இதையேதான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல உங்களுக்கு இப்போதுதான் வாய் வந்ததா என்று கேட்கத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அடுத்த தெரு ஜைனம்பு அக்கா வந்தார். அம்மாவைவிடப் பத்து வயசு இளையவர், கணவர் இறந்து ரொம்ப நாளாயிற்று. தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். அம்மாவின் நல்ல காலை வெகுநேரம் பிடித்துவிட்டார். போகும்போது அவரும் அதே கேள்வி. "ஒடனே கெளம்பியிருக்கக் கூடாதாக்கா? யாரு என்ன சொல்லப் போறா?"

அவர் படியிறங்கியதும் நான் வெடித்துவிட்டேன். "கேட்டியாம்மா? வர்றவ போறவ எல்லாம் இதையேதான் சொல்றாளுங்க. இவளுங்க வாய்க்குப் பயந்துதானே கால விட்ட?"

அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஜைனம்பு இத்தாவுல பேங்குக்குப் போச்சு. நீ அப்ப ஊருல இல்ல. நேருல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும்னு கூப்புட்டாங்க. கையில கொழந்தை, வூட்டுல நாலு வாயி, என்ன பண்ணும்? போச்சு. ஊருல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் என்னம்மா?"

"நாந்தான் சொன்னேன். வூடு வூடாப் போயி சொன்னேன். புருசன் மண்ணு காயல, அதுக்குள்ள டவுனு சுத்துறான்னு. கல்யாண வூட்டுல அது வந்து பக்கத்துல உக்காந்துச்சு, நான் எந்திரிச்சு வேற பக்கம் போயிட்டேன். எல்லாரும் பாத்தாங்க." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு வாயி ஊரு வாயின்னேனே. அது என் வாயிதான் தம்பி."

அம்மா கையை நீட்டி, ஜைனம்பு அக்கா வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் கேட்டாள். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்று நூர்ஜகான் அக்கா எழுந்தாள். வேண்டாம் என்று வாங்கி, சட்டியைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.